பப்படத்தின் நன்னடத்தை

மட்டாஞ்சேரித் தெருக்களில் ஒரு நாய் படுத்துக்கிடக்க வேண்டுமானால் இனி அதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாய்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வழக்கம்போல வெயிலில் படுத்திருந்தன. வெயில் சுட்டதும் எழுந்து நிழலுக்குப் போயின. கலங்கிப்போனவர் நல்லசிவம்தான்.

உத்தரவு வந்த கதை எளிமையானது. நாய்க்கடி பெருகிவிட்டது, கடித்தால் போட ஊசிமருந்து கிடைப்பதில்லை என்று ஜனங்கள் கூடிக் கூச்சல் போட்டார்கள். மேலிடம் தீர யோசித்தது. மருந்து வாங்கினால் தீர்ந்துபோகும், திரும்ப வாங்க வேண்டும். நாயின் குணத்தைத் திருத்திவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. ஆகவே மருந்தை விட்டுவிட்டுத் 'தெருநாய் நன்னடத்தைச் சமிதி' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்கு ஒரு தலைவர், ஒரு பரிசோதனை அதிகாரி, ஒரு ஜீப், ஜீப்பின் மேல் ஒரு ஒலிபெருக்கி. எந்தக் குடும்பம் ஒரு தெருநாய்க்குச் சோறு போடுகிறதோ அது அந்த நாயைச் சமிதியின் முன் நிறுத்த வேண்டும். உட்காரச் சொன்னால் நாய் உட்கார வேண்டும், வரச் சொன்னால் வர வேண்டும், அதிகாரியைக் கண்டு குரைக்கக் கூடாது. தேறிய நாய்க்குக் கழுத்தில் நீலப் பட்டை கட்டுவார்கள். தேறாத நாய் இடக்கொச்சிக்கு அப்பால் காயலோரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் மனமாற்ற மையத்துக்குப் போகும்.

நல்லசிவம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இளவட்டத்தில் கொச்சிக்கு வந்து, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டராக நின்றவர், இன்னும் அதே கல்லின் முன்தான் நிற்கிறார். அவர் மனைவி சீனியம்மாள் சுக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவள். ஒருநாள் காலையில் முறத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். உயிர் பிழைத்தது. வலது கை விழுந்துவிட்டது, கூடவே பேச்சும் போய்விட்டது. அதுவரைக்கும் தெருவே கேட்கப் பேசியவள். மீன்காரனிடம் அவள் பேரம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரிகள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவள், உள்ளே ஏதோ கதவு அடைத்துக்கொண்டதுபோல, வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்லச் சொன்னார்கள். பூனைப் படத்தைப் பார்த்து அவளுக்கு அழுகைதான் வந்தது. நல்லசிவம் திருச்செந்தூர் முருகன் படத்தின் முன் நின்று கேட்டதெல்லாம் ஒன்றுதான். கையைக் கொடுக்காவிட்டாலும் போகிறது, ஒரு சொல்லைக் கொடு.

முருகன் நாயை அனுப்பினான்.

அப்படித்தான் நல்லசிவம் நம்பினார். மழைக்கு வாசலில் ஒதுங்கிய நாய் அது. எண்ணெயில் போட்ட பப்படம்போல அதன் காதுகளின் ஓரம் சுருண்டிருந்ததால் பக்கத்து வீட்டார் பப்படம் என்று பேர் வைத்தார்கள். ஹோட்டலிலிருந்து நல்லசிவம் கொண்டுவந்த புரோட்டாவின் ஒரு துணுக்கைச் சீனியம்மாள் இடது கையில் எடுத்து, நாயின் மூக்குக்கு நேரே காட்டி, மெல்ல அதன் தலைக்கு மேல் கொண்டுபோனாள். துணுக்கைப் பார்க்கத் தலையை உயர்த்திய நாய் தானாகப் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. அவள் வாயிலிருந்து, "இரு" என்று வந்தது. உடனே துணுக்கு நாயின் வாய்க்குள் போயிற்று.

புரோட்டா மாவு பிசைந்த கையோடு நல்லசிவம் அழுதார்.

அதன் பிறகு தினமும் பாடம் நடந்தது. 'வா' வந்தது. ஊன்றுகோலை அவள் எப்போதும் வெறுப்பாள். இப்போது அதை வாசலில் குறுக்கே தாழ்த்திப் பிடித்து, அந்தப் பக்கம் ஒரு துணுக்கை வைத்து நாயைத் தாண்டவைத்தாள். தாண்டு என்று சொல்ல நாக்கு புரளவில்லை. "பற" என்றுதான் வந்தது. பப்படமும் அந்தச் சொல் கேட்டதும் பறந்தது. கடைசியில் துணுக்கைத் தரையில் வைத்து உள்ளங்கையால் மூடிக் காத்திருக்கப் பழக்கினாள். கையை எடுத்தாலும் அவள் சொன்ன பிறகுதான் நாய் தின்ன வேண்டும். சாப்பிடு என்பதுதான் சொல். அது அவள் வாயில் "பாட்டு" என்று வந்தது. எத்தனை தரம் முயன்றாலும் பாட்டுதான். சில நாள் அந்தப் பாட்டும் லேசில் வராது. உதடு கோணும், கண் நிறையும், நெஞ்சு ஏறி இறங்கும். பப்படம் துணுக்கைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவளுக்காக அப்படிப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. நல்லசிவம்கூட இல்லை. அவர் அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

மனிதர்களிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நாயிடம் சொல்கிற இந்த நாலு சொல்தான் அவள் வசம் இருந்தது. நாய் போய்விட்டால்?

"ஒண்ணும் ஆவாது சீனி," என்றார் நல்லசிவம். "நம்ம பப்படத்துக்குத் தெரியாததா? கலெக்டருக்கே பாடம் எடுக்கும்."

*

பரிசோதனைக்கு முன்னால் எஜமானர்களுக்கு ஒரு போதனை வகுப்பு என்றார்கள். சமிதியின் கூடத்தில் நாய்களுக்குச் சோறு போடும் குற்றம் புரிந்தவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைவர் வெங்கிடராமன் இருந்தார். பாலக்காட்டிலிருந்து கொச்சியில் வந்து குடியேறிய குடும்பம். அரசு வேலையில் நேர்மையாக ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் இதற்கு வந்தவர். பக்கத்தில் பரிசோதனை அதிகாரி அனில்.

வெகு நேரமாகியும் வகுப்பு தொடங்கவில்லை. யாரோ ஏன் என்று கேட்டார்கள்.

"பழம்பொரி வரணும்," என்றார் தலைவர். "வெறும் வயத்தில காரியம் தொடங்கப்படாது கேட்டேளா. அது சமிதியோட முதல் தீர்மானமாக்கும்."

பழம்பொரி வந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, சுடச்சுட. சாயா வந்தது. வகுப்பு தொடங்கியது.

"நாயைப் பழக்கறேள். ரொம்ப சந்தோஷம்," என்று தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எப்படிப் பழக்கறேள்? உக்காருன்னு சொல்லி, உக்காந்ததும் பிஸ்கட்டைக் குடுக்கறேள். இதுக்கு மலையாளத்தில என்ன பேர்? கைக்கூலி! தமிழ்ல லஞ்சம்! கடமையைச் செய்யறதுக்கு ஒரு ஜீவன் கை நீட்டலாமோ? இன்னிக்கு ஒரு பிஸ்கட் வாங்கிண்டு உக்காரற நாய் நாளைக்கு ரெண்டு கேக்கும். நாடு எங்கேருந்து கெட்டுப்போறதுன்னு நான் முப்பது வருஷமா ஆலோசிச்சுண்டிருந்தேன். இப்பத்தான் புரிஞ்சுது. நாய்லேருந்தாக்கும்!"

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அனில் மீதியிருந்த பழம்பொரியை எடுத்துக்கொண்டார்.

நல்லசிவம் தயங்கித் தயங்கி எழுந்தார். "சாரே, எங்க வீட்ல அப்படி இல்ல. என் வீட்டுக்காரிக்குப் பேச்சு வராது. அந்த நாய்கிட்ட மட்டுந்தான் பேசுதா. அவ ஒரு சொல்லு சொல்லுதா, அது ஒரு துணுக்கு தின்னுது. அதுக்குப் புரோட்டா லாபம், அவளுக்குப் பேச்சு லாபம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பரிவோடு பார்த்தார். "நாய் அந்த அம்மாவுக்கு உபகாரம் பண்றது, அம்மா நாய்க்கு உபகாரம் பண்றா. இல்லையா?"

"ஆமா சாரே."

"ரெண்டு பேரும் வாங்கறா, ரெண்டு பேரும் குடுக்கறா. ஓய், இதுக்குப் பேர்தான் கூட்டுக் கைக்கூலி. தனி ஆள் லஞ்சத்தைவிட மோசமாக்கும். ஆனாலும் நீர் உள்ளதைச் சொன்னதால இப்போதைக்கு மன்னிச்சிருக்கேன். உக்காரும்."

நல்லசிவம் உட்கார்ந்தார். யாரும் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை.

*

பரிசோதனை ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. உள்ளே நுழையும் ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்க்க ஓர் ஊழியர் நியமிக்கப்பட்டிருந்தார். உள்ளங்கையில் தின்பண்டத்தின் வாசனை இருந்தால் கைக்கூலி முயற்சி என்று பொருள். நல்லசிவத்தின் கையை மோந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்து மூச்சு விட்டார்.

"புரோட்டா."

"நான் புரோட்டா மாஸ்டராக்கும் சேட்டா. வேற எந்த வாசனை வரும்?"

சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார்கள். கழுவினார். மறுபடி மோந்தார்கள். புரோட்டாதான். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார். எலுமிச்சம்பழம் பிழிந்த புரோட்டா வாசனை வந்தது. அவரைப் பந்தலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். சீனியம்மாள் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு, பப்படம் பக்கத்தில் வர, தனியாக உள்ளே போனாள்.

அவர்களுக்கு முன்னால் நின்றவர்களுக்குப் பரிசோதனை சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பிரமுகரின் நாய் மேசைக்கு முன்னால் படுத்துத் தூங்கிவிட்டது. 'பரிபூரண அமைதி' என்று சொல்லித் தூக்கத்திலேயே அதற்கு நீலப் பட்டை கட்டினார்கள். மட்டாஞ்சேரியில் ஆடுகள் எங்கே கூட்டம் நின்றாலும் தாமும் போய் நிற்கும். வரிசையில் அப்படி நின்ற ஓர் ஆட்டையும் பரிசோதித்தார்கள். குரைக்கவில்லை, கடிக்கவில்லை, அதிகாரியின் முகத்தைப் பணிவோடு பார்த்தது. அதுவும் தேறியது. இது ஆடல்லவா என்று ஒரு பெண் சொல்லிப் பார்த்தாள். பரிசோதிப்பது நடத்தையை, ஜாதியை அல்ல என்று தலைவர் கண்டித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

சீனியம்மாளின் முறை வந்தது. மேசையின் மேல் ஒரு தட்டு நிறையப் பழம்பொரி இருந்தது. அது அதிகாரிகளுக்கானது என்பதால் அதை யாரும் மோந்து பார்க்கவில்லை.

அனில் நிமிராமல் கேட்டார். "பேரெந்தா?"

சீனியம்மாள் வாயைத் திறந்தாள்.

"அம்மச்சீ, பேரு. பேரெந்தா?"

உதடு கோணியது. கயிற்றுக்கு வெளியிலிருந்து நல்லசிவம் கத்தினார். "சாரே, அவளுக்குப் பேச்சு வராது சாரே!"

எஜமானரல்லாதவர் பேசக் கூடாது என்று ஊழியர் அவர் வாயைப் பொத்தினார். அனில் பேனாவால் மேசையைத் தட்டினார். கோபக்காரரல்ல, வெயில், வரிசை இன்னும் நீளமாக இருந்தது. மலையாளத்தில் ஒருவரைப் பேசச் சொல்ல என்ன வார்த்தை உண்டோ அதைத்தான் சொன்னார்.

"பற அம்மே. பற!"

பப்படம் பறந்தது.

தரையிலிருந்து எழும்பி, காகிதங்களைத் தாண்டி, தலைவரின் கண்ணாடியை உரசிக்கொண்டு போய், மேசையின் நடுவில் நாலு காலும் ஊன்றி இறங்கியது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே பழம்பொரித் தட்டு இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பப்படம் பழம்பொரியைத் தொடவில்லை. அருமையாகத் தாண்டிவிட்டோம் என்ற பெருமையோடு வாலை ஆட்டிக்கொண்டு, சொல்லுக்காகச் சீனியம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தொடல சாரே, பாருங்க, தொடல!" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து நல்லசிவம் அலறினார்.

அது உண்மைதான். எல்லாரும் பார்த்தார்கள். தலைவர்கூடப் பார்த்தார். அந்த நொடியில் சீனியம்மாள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வா என்றால் வந்திருக்கும், இரு என்றால் இருந்திருக்கும். அவள் வா என்று சொல்லத்தான் முயன்றாள். பயத்தில், அவளிடம் இருந்த நாலு சொல்லும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நெஞ்சு ஏறி இறங்கியது. கடைசியில் பலமாக, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, அவள் சொன்னாள்.

"பாட்டு!"

பப்படம் கீழ்ப்படிந்தது. தட்டு காலியாயிற்று.

அதிகாரிமேல் பாய்ந்தது ஒரு குற்றம். அரசு உணவைக் கையாடியது இன்னொன்று. "முதல்ல திங்காம நின்னுது பாத்தேளா, அதுதான் பெரிய தந்திரம்," என்றார் தலைவர், கண்ணாடியைத் தேடியபடி. "மேலேருந்து உத்தரவு வரட்டும்னு காத்திருந்து தின்னுருக்கு. இது பழகின கைக்கூலிக்காரன் பண்ற வேலையாக்கும். எனக்குத் தெரியும், நான் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்."

ஜீப்பின் பின்பக்கம் பப்படத்தை ஏற்றினார்கள். அது கடிக்கவில்லை, இழுக்கவில்லை. ஏறச் சொன்னார்கள் என்று ஏறியது. ஒலிபெருக்கியில் சமிதியின் சாதனைகளைச் சொல்லிக்கொண்டு ஜீப் போயிற்று.

*

சீனியம்மாளிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் பற போயிற்று. ஊன்றுகோலை மூலையில் சாய்த்தவள் பிறகு தொடவில்லை. வாசலைப் பார்த்து வா, வா என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்றதும் அதையும் விட்டாள்.

நல்லசிவம் மனமாற்ற மையத்துக்குப் பஸ் ஏறிப் போனார். முன்னாள் எஜமானர்களுக்கு அனுமதி இல்லை, பழைய உறவு மனமாற்றத்தைக் கெடுக்கும் என்று வாசலில் தடுத்தார்கள். ஆகவே சமிதியின் அலுவலகத்துக்குப் போய் அனிலின் மேசை முன் நின்றார்.

"சாரே, நாயைத் தர வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் அங்கே சொல்லிருங்க. அது சும்மா வச்சாத் திங்காது. பாட்டு கேட்டாத்தான் திங்கும்."

"பாட்டு கேட்டாலோ?"

"ஆமா சாரே. பாட்டு. அது காதுல விழணும். இல்லன்னா அப்படியே பட்டினியா உக்காந்திருக்கும்."

அனில் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷன் அவர். அவர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. தான் தட்டிய மேசையும் சொன்ன சொல்லும் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். "ஞான் வேண்டது செய்யாம், சேட்டன் சமாதானமாயிட்டுப் போ," என்று தோளைத் தொட்டுச் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடியே செய்தார். அவருடைய இரக்கம் மேலே போயிற்று. மேலே போகப் போகப் பெரிதாயிற்று. கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு விஷ்ணுப்ரியா மலையாளப் பத்திரிகையைக் கொண்டுவந்து நல்லசிவத்துக்கு வாசித்துக் காட்டினாள். மனமாற்ற மையத்தில் நாய்களுக்கான இசைத் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். புல்லாங்குழல், வீணை, ஒரு தேசபக்திப் பாடல். பாட்டில்லாமல் உண்ண மறுக்கும் ரசிக நாய் ஒன்று அங்கே இருப்பதாகத் தலைவர் வெங்கிடராமன் பூரிப்போடு சொன்னார் என்றும் போட்டிருந்தது.

நல்லசிவம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அலுவலகத்தில் யாருமில்லை, எல்லாரும் இசைத் திட்டத்தின் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் போனார். அந்தப் பாட்டில்லை சாரே, சொல்லு சாரே, வெறும் சொல்லு என்று ஜன்னலில் நின்று சொன்னார். ஜன்னலில் இருந்தவர் கோப்பைத் தேடிப் பார்த்து, உங்கள் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டது, நிறைவேறிய கோரிக்கையை மறுபடி கேட்க விதி இல்லை என்றார். அனிலைக் கேட்டார். இசைத் திட்டத்துக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துக் கலூர் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார்.

முருகா, நீதான் அங்கே போய்ச் சொல்லணும் என்று நல்லசிவம் படத்தின் முன் நின்றார். முருகனுக்கும் அங்கே அனுமதி கிடைத்திருக்காது.

*

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் சமிதியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். பப்படம் மையத்தின் முன்மாதிரி நாயாகத் தேர்வாகியிருக்கிறது. விழா. முன்னாள் எஜமானர் கட்டாயம் வர வேண்டும்.

"சீனி, கேட்டியா? முன்மாதிரியாம்! நீ பழக்குன நாயி!" என்று நல்லசிவம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பரிசு குடுத்து அனுப்புதாங்க போல. சாயங்காலம் கூட்டியாரேன்."

அவள் எழுந்து நின்றாள். மூலையிலிருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். அவர் புறப்படும்போது அவள் ஒரு புரோட்டாவை ஒற்றைக் கையால் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மையத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். நல்லசிவத்தை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் கண்கள் கூண்டுகளின் பக்கமே இருந்தன. அங்கே நாய்கள் ஓசையில்லாமல் நின்றன.

தலைவர் எழுந்தார்.

"நம்ம நாட்டில இப்போ எல்லாருக்கும் பசி," என்று தொடங்கினார். "வேலைக்கு முன்னாலே பசி, வேலைக்குப் பின்னாலே பசி. ஆனா இந்த மையத்தில ஒரு நாய் இருந்தது கேட்டேளா. மணி அடிச்சதும் எல்லா நாயும் தட்டில விழும். இது மட்டும் தட்டுக்கு முன்னாலே நேரா உக்காந்துண்டு, எதிர்த்தாப்பலே நிக்கற ஊழியரோட முகத்தைப் பாத்துண்டிருக்கும். தொடாது! குறிச்ச நேரத்தில திங்கலேன்னா தட்டைத் திரும்ப எடுக்கணும்னு விதி. எடுப்பா. அப்பவும் ஒரு முணுமுணுப்பு கிடையாது. மறுநாளும் அப்படியே. புல்லாங்குழலுக்கு மசியலை, வீணைக்கு மசியலை. கைக்கூலியிலே வளந்த ஜீவன் எங்க மையத்துக்கு வந்து பசியையே ஜெயிச்சுடுத்து! நிறைய பேர் கேட்டா, ஏன் டாக்டரைக் கூப்பிடலைன்னு. எதுக்குக் கூப்பிடணும்? நன்னடத்தைக்கு வைத்தியமா? கடைசி மூச்சு வரைக்கும் அது ஒரு வாய்க்குக் கை நீட்டலை."

நல்லசிவம் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "கடைசி மூச்சுன்னா?"

அப்போதுதான் மேடையில் ஒரு படத்தின் மேலிருந்த பட்டுத்துணியை இழுத்தார்கள். படத்தில் பப்படம் நேராக உட்கார்ந்து, காதோரம் சுருண்டிருக்க, படம் எடுத்தவரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை நல்லசிவம் அறிவார். படத்துக்கு மாலை போட்டிருந்தது.

சான்றிதழை அவர் கையில் கொடுத்தார்கள். நீலப் பட்டையும் கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். பிறகு பழம்பொரி வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மையத்தில் தட்டு கழுவுகிற பெண் ஒருத்தி வந்து அவர் கையைப் பிடித்துக் கூண்டுகளுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஸ்நேஹா என்று பேர். காயலோரம் ஒரு புன்னைமரத்தின் அடியில் ஈரமண் சின்னதாக மேடு தட்டியிருந்தது. மேலே சில செம்பருத்திப்பூக்கள் கிடந்தன.

"குப்பை வண்டியில கொண்டுபோகச் சொன்னாங்க. நான் சம்மதிக்கலை சேட்டா," என்றாள். மட்டாஞ்சேரியில் வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் பாதி வரும். "சாப்பிடச் சொல்லி நான் எல்லாம் சொல்லிப் பாத்தேன். கழிக்கோன்னேன், தின்னோன்னேன், மோனேன்னு கெஞ்சினேன். ஹிந்தியில கூடச் சொன்னேன். என் முகத்தையே பாக்கும், அவ்வளவுதான். ஏதோ ஒண்ணு நான் சொல்லணும்னு நிக்கற மாதிரி இருக்கும். அது என்னன்னு எனக்குத் தெரியலை."

"பாட்டு," என்றார் நல்லசிவம்.

"பாட்டு வச்சோமே சேட்டா! காலையிலயும் வச்சோம், சாயங்காலமும் வச்சோம்."

"வைக்கறதில்ல மோளே. சொல்லணும். அவளுக்குச் சாப்பிடுன்னு சொல்ல வராது. பாட்டுன்னுதான் வரும்."

ஸ்நேஹா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"கடைசி நாள் டியூட்டி முடிஞ்சும் நான் போகலை," என்றாள் பிறகு. "தலையைத் தூக்கி என் மடியில வச்சுக்கிட்டேன். அதுக்குக் கனமே இல்லை. தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். தனியா போகலை சேட்டா. அந்த அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லுங்க."

நல்லசிவம் இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டார். அந்த மையம் கட்டப்பட்டதிலிருந்து அங்கே நடந்த ஒரே வழிபாடு அதுவாகத்தான் இருக்கும். அவள் பதறி அவர் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

பஸ்ஸில் வரும்போது சான்றிதழை எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது என்பதை மட்டும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓடிப்போயிட்டுன்னு சொல்லலாம். அங்கேயே வேலை குடுத்துட்டாங்கன்னு சொல்லலாம். அவளிடம் அவர் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. இனிமேல் கற்றுக்கொள்ள வேண்டும். தெருமுனையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வீடுகளின் நிழலில் நீலப் பட்டை கட்டிய ஆடு ஒன்று சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

சீனியம்மாள் வாசலிலேயே நின்றாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். தெருவின் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு மறுபடி அவர் முகத்துக்கு வந்தாள். உதடு கோணியது. நெஞ்சு ஏறி இறங்கியது. நல்லசிவம் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். எதை எடுத்துக்கொடுப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். அவள் கண் நிறைந்து, கழுத்து நரம்பு புடைத்து, உள்ளே எங்கோ ஒரு கதவு திறப்பதை அவர் பார்த்தார்.

"எங்க?" என்றாள் சீனியம்மாள்.

நாய்க்குப் பழக்கிய சொல் இல்லை அது. மனிதரிடம் கேட்கிற சொல். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் சொல். அவர் படத்தின் முன் நின்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்த சொல். முருகன் கொடுத்துவிட்டான்.

நல்லசிவம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திறந்து திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, ஊன்றுகோலை ஊன்றி ஓர் அடி கிட்டே வந்து, மறுபடியும் கேட்டாள்.

"எங்க?"

இந்தமுறை இன்னும் தெளிவாக இருந்தது.